விலையைக் கேட்டோம், வேலைக்கு யார் வருவார் என்று கேட்டோமா?

உழவு இயந்திரம் வாங்க எண்ணி எம்மிடம் ஆலோசனை கேட்டு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கடதாசித் துண்டுகளை மடித்து வைத்திருப்பார்கள். ஒன்று, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள விற்பனை முகவர் எழுதிக் கொடுத்த விலை. மற்றையது, தூரத்து நகரம் ஒன்றில் உறவினர் மூலம் விசாரித்துப் பெற்ற விலை. தூரத்து விலை குறைவாக இருக்கும். ஒரு இலட்சம், ஒன்றரை இலட்சம் என்று வித்தியாசம் காட்டும். "இதையே எடுப்பமா?" என்பதுதான் கேள்வி.

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் மறுமொழி கூற நாம் விரும்புவதில்லை. அந்த இரண்டு துண்டுகளிலும் எழுதப்படாத ஒரு விடயம் இருக்கிறது. உழவு நடக்கும் கிழமையில் மெசின் சேற்றில் நின்றுவிட்டால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், வரும்போது கையில் எந்தப் பாகத்தைக் கொண்டு வருவார் என்பதே அது. இதை அறியாமல் இரு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் நெல்லை ஊறப்போடுவது போன்றது.

எமது பிரதேசத்தில் இது ஏன் இத்தனை முக்கியம் என்பதை முதலில் சொல்லவேண்டும். நாவிதன்வெளி, அன்னமலை, சவளக்கடை, மத்தியமுகாம் எனப் பரந்து கிடக்கும் வயல்களின் பெரும்பகுதி கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பியது. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்ட நாளிலிருந்து எமது வேளாண்மையின் நாட்காட்டியை வானம் மட்டும் எழுதுவதில்லை. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டமும் சேர்ந்தே எழுதுகிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும், உழவு முடிக்கவேண்டிய நாளும், விதைப்பு முடிவு நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. உழவுக்கென்று கிடைப்பது சில கிழமைகளே. அந்தச் சில கிழமைகளில் எல்லா வெளிகளிலும் எல்லா மெசின்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆகவே எல்லா மெசின்களும் ஒரே நேரத்தில்தான் பழுதடைகின்றன. மெக்கானிக் ஒருவரை ஆடி மாதத்தில் தேடினால் தேநீர்க் கடையில் இருப்பார். ஐப்பசியில் தேடினால் பத்துப் பேர் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாரி பெருத்துவிட்டால் கிட்டங்கியில் வெள்ளம் வீதியை மூடிப் பாய்கிறது. கல்முனைக்கும் எமக்கும் இடையிலான நேர்வழி அறுந்துவிடுகிறது. அப்போது கல்முனைக் கடையில் இருக்கும் ஒரு சிறு ஓயில் சீல், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும் எட்டாத பொருளாகிவிடுகிறது. சுற்றுவழியில் போய் வாங்கி வருவதற்கு வாகனக் கூலி, ஒரு நாள் வேலை, சாப்பாட்டுச் செலவு. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று எமது மூத்தோர் சொன்னது இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்திற்கு மட்டுமே; உங்கள் ஊரின் கூலியை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்று கூலி உழவில் ஒரு நாளைக்கு 5 ஏக்கர் முடிக்கிறது என்றும், டீசலும் சாரதியின் சம்பளமும் போக ஏக்கருக்கு 4,000 ரூபா மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மிச்சம் 20,000 ரூபா. தூரத்து முகவரிடம் 1,50,000 ரூபா குறைவாக வாங்குகிறீர்கள். உழவுக் காலத்தில் பாகம் வராமல் மெசின் எட்டு நாட்கள் நின்றால் 1,60,000 ரூபா போய்விடுகிறது. அதாவது முதல் போகத்திலேயே மலிவு முடிந்துவிடுகிறது. அந்த எட்டு நாட்களில் உங்களுடைய சொந்த வயல் பிந்துவதும், "இவரை நம்பினால் விதைப்புப் பிந்தும்" என்று வாடிக்கைக்காரர் அடுத்த போகத்துக்கு வேறு மெசினைத் தேடிக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் பேசும் என்பதை மறைக்கக் கூடாது. விலை வித்தியாசம் ஐந்து இலட்சம் என்றால் இருபத்தைந்து நாட்கள் நின்றால்தான் அது கரையும். அவ்வளவு நாட்கள் நிற்காது என்று நம்ப உங்களுக்குக் காரணம் இருந்தால், குறைந்த விலையே சரியான விலையாக இருக்கலாம். அதேபோல, மூன்று ஏக்கர் சொந்த வயலைத் தவிர வேறு உழவு கிடையாது என்ற குடும்பத்திற்கு நிற்கும் நாட்களின் நட்டம் மிகக் குறைவு. அவர்களுக்கு நாம் சொல்வது வேறு: புதிய நான்கு சில்லு மெசினே வேண்டாம். இரு சில்லு மெசின் போதும், அல்லது கூலிக்கு உழுவிப்பது போதும். முகவர் இதைச் சொல்லமாட்டார். சொல்லவேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சேவை என்ற சொல் விளம்பரத் துண்டுகளில் மிக மலிவாகக் கிடைக்கிறது. "விற்பனைக்குப் பிந்திய சேவை" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். முதலில் பாகங்கள். எமது வயல்களில் மெசின் எதனால் நிற்கிறது என்று கராஜ்காரரிடம் கேட்டுப் பாருங்கள். என்ஜின் உடைந்து நிற்பது அபூர்வம். சேற்று உழவில் முன்சில்லு ஹப்புக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து ஓயில் சீல் போகிறது, பிறகு பெயாரிங் போகிறது. இரும்புச் சில்லு பூட்டி இழுக்கும்போது பின் அச்சுக்குப் பாரம் ஏறுகிறது. ரொட்டவேட்டரின் குரோஸ் ஜொயின்ற் முறிகிறது. டீசலில் தண்ணீர் கலந்து பில்டர் அடைக்கிறது, நோசில் கெடுகிறது. இரு சில்லு மெசினில் பெல்ட் அறுகிறது, கத்திகள் தேய்கின்றன. இவை எல்லாம் சில ஆயிரம் ரூபாப் பொருட்கள். இந்தச் சில ஆயிரம் ரூபாப் பொருள் முகவரின் இராக்கையில் இருக்கிறதா, அல்லது கொழும்புக்கு எழுதி வருவிக்கவேண்டுமா என்பதில்தான் பல இலட்சம் ரூபா மெசினின் போகம் தங்கியிருக்கிறது.

ஆகவே விலை பேசப் போகும் முன்னர் ஒரு பட்டியலுடன் அதே கடைக்குச் செல்லுங்கள். இன்ன மாதிரி மெசினுக்கு முன்ஹப் சீல் இருக்கிறதா, டீசல் பில்டர் இருக்கிறதா, கிளச் தட்டு இருக்கிறதா, ஹைட்ரோலிக் பம்புக்கான சீல் கிற் இருக்கிறதா என்று பாகம் வாங்க வந்தவர் போலவே கேளுங்கள். "நாளைக்கு வரும்" என்ற மறுமொழி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். மெசின் வாங்க வந்தவருக்குக் கிடைக்கும் உபசாரம் ஒன்று. சீல் வாங்க வந்தவருக்குக் கிடைக்கும் மறுமொழி வேறொன்று. நீங்கள் அடுத்த பத்து வருடம் இரண்டாவது ஆளாகத்தான் அந்தக் கடைக்குப் போகப்போகிறீர்கள்.

அடுத்தது உத்தரவாத அட்டை. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், வாசிக்காமலே கையெழுத்திடுகிறோம். புதிய மெசின்களுக்கு ஓடிய முதல் 50 மணித்தியாலத்தில் ஓயில் மாற்றிச் சோதிப்பது பொதுவான வழக்கம். குறித்த மணித்தியாலத்தில் குறித்த இடத்தில் சேர்விஸ் செய்யாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையில் எழுதியிருக்கக்கூடும். உழவு மும்முரத்தில் 50 மணித்தியாலம் என்பது ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மெசினைப் பெட்டியில் ஏற்றி இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா? அல்லது அவர்கள் வயலுக்கு வருவார்களா? வந்தால் பயணச் செலவு யாருடையது? "இலவச சேர்விஸ்" என்பதில் இலவசமாவது கூலி மட்டுமா, ஓயிலும் பில்டரும் சேர்த்தா? இரும்புச் சில்லு பூட்டிச் சேற்றில் உழுதால் உத்தரவாதம் செல்லுமா, செல்லாதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சேற்றில் உழாத மெசின் எமது ஊரில் எதற்கு? இவற்றுக்கான மறுமொழியை முகவர் தமது கடிதத் தலைப்பில் தமிழில் எழுதி, திகதியிட்டு, முத்திரை வைத்துத் தருவாரானால், அந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதி உண்டு. பின்னர் பிணக்கு ஏற்பட்டு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட நேர்ந்தாலும் அதுவே சான்று. வாய்ச்சொல்லாக வாங்கிய உறுதி, விற்பனையாளர் வேறு கிளைக்கு மாறியதும் அவரோடு போய்விடும்.

இங்கே ஒரு விடயத்தில் நாம் எமது நண்பர்களான சில அபிவிருத்தி உத்தியோகத்தர்களுடன் உடன்படுவதில்லை. பெரிய கம்பனி, புதிய மெசின், பெயர் பெற்ற முகவர், அதுதான் பாதுகாப்பு என்று அவர்கள் சொல்கிறார்கள். எப்போதும் அப்படியல்ல. எமது பகுதியில் மிகச் சிறந்த சேவை, பெயர்ப்பலகை இல்லாத கராஜ்களில் கிடைக்கிறது. பழைய மசி பேர்கசன் 135ஐயோ 240ஐயோ கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர்கள் சம்மாந்துறையிலும் கல்முனையிலும் மத்தியமுகாமிலும் இருக்கிறார்கள். அந்த மெசின்களுக்கு அசல் பாகம், இந்தியப் பாகம், கழற்றிய பழைய பாகம் என மூன்று தரத்தில் பொருள் கிடைக்கும். அப்படியான ஒரு பழைய மெசினை நன்றாகச் சோதித்து வாங்குபவர், விலையிலும் இலாபம் அடைகிறார், சேவையிலும் குறைவுபடுவதில்லை. எங்கும் காணாத புதிய வகை ஒன்றை மலிவாகக் கொண்டுவந்து இறக்குபவருக்குத்தான் இரண்டும் இல்லை. ஊரில் அதே மெசின் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பது, விற்பனை முகவரின் வாக்குறுதியைவிட நம்பத்தக்க உத்தரவாதம்.

இந்தக் கராஜ்களில் பல, கிட்டங்கிக்கு அக்கரையிலும் சம்மாந்துறையிலும் எமது முஸ்லிம் சகோதரர்களுடையவை. 1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டு, இரு சமூகத்தவரும் இரத்தம் சிந்திய நாட்களில் அந்த வழிகள் அடைபட்டன. வயலும் மெசினும் ஒரு பக்கம், அதைத் திருத்தும் கை இன்னொரு பக்கம் என்று ஆகிய காலம் அது. அண்டையில் இருந்த கராஜுக்குப் போகமுடியாமல் தூரத்து ஊருக்குப் போய்ப் பாகம் வாங்கிய பழக்கம் சில குடும்பங்களில் வழி திறந்த பின்னரும் தொடர்கிறது. பயத்தில் பிறந்த அந்தப் பழக்கத்துக்கு ஒவ்வொரு போகமும் வாகனக் கூலி கட்டுகிறோம். தமிழ்ச் சாரதியும் முஸ்லிம் மெக்கானிக்கும் ஒரே மெசினின் அடியில் படுத்துக்கிடந்து பேசும் பேச்சில் எத்தனையோ கூட்டங்களில் நடக்காதது நடக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லி அப்பால் செல்கிறோம்.

இரு சில்லு மெசினை எமது மக்கள் இன்றும் எந்தக் கம்பனியுடையது என்று பாராமல் லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன வடிவமைத்த இருசில்லு மெசினை இங்கிலாந்தின் லாண்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. 2010இல் காலமான அந்த அறிஞர் பிற்காலத்தில் தமது மெசினையே கேள்விக்குட்படுத்தினார். எருமை புல்லைத் தின்று, சாணம் தந்து, கன்றும் ஈனுகிறது. மெசினோ எண்ணெயையும் பாகத்தையும் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். எருமைக்குத் திரும்பும் காலம் போய்விட்டது. ஆனால் மெசின் வாங்குவது ஒரு நாள் கொடுக்கல் வாங்கல் அல்ல, அதன் ஆயுள் முழுவதும் ஒருவருடைய கடைவாசலில் நிற்கப்போகிறோம் என்பதை அதைச் செய்தவரே கண்டுகொண்டது கவனிக்கத்தக்கது.

கடைவாசலில் நிற்கும் இந்தப் பிரச்சினை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் உழும் கமக்காரர்கள்கூட, தமது மெசினைத் தாமே திருத்தும் உரிமைக்காகப் போராடி வருகிறார்கள். கணினி பொருத்திய உழவு இயந்திரங்களை முகவரின் மென்பொருள் இல்லாமல் சோதிக்க முடியாதிருந்ததே காரணம். 2023 ஜனவரியில் ஜோன் டியர் நிறுவனம் அந்நாட்டு விவசாயிகளின் சம்மேளனம் ஒன்றுடன் இது பற்றி உடன்பாடு செய்தது. அதே ஆண்டு கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அதே நிறுவனத்திற்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. எமது பகுதிக்கும் மின்னணுப் பாகங்கள் நிறைந்த மெசின்கள் வரத்தான் போகின்றன. ஸ்பனரால் திருத்தக்கூடிய மெசினா, முகவரின் கணினியால் மட்டும் திருத்தக்கூடிய மெசினா என்று இப்போதே கேட்கப் பழகுவது நல்லது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இவற்றுக்கு மேலாக ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்த முகவரும் சொல்லித் தரமாட்டார். ஒரு முறை ஓடியவனுக்கு, இன்னொரு முறை ஓட நேர்ந்தால் எதை எடுத்துச் செல்வேன், எதை விற்பேன் என்ற எண்ணம் மனதின் மூலையில் எப்போதும் இருக்கும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் கூரைத் தகட்டையும் நெல் மூட்டையையும் பெட்டியில் ஏற்றி இடத்துக்கு இடம் இழுத்துச் சென்ற உழவு இயந்திரங்களை இறுதியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேற நேர்ந்தது. எமது கரையோரத்தில் 1990இல் வளவில் விட்டுவந்த மெசினைத் திரும்பிப் போனபோது காணாதவர்கள் உண்டு. சட்டகத்தை மட்டும் கண்டவர்களும் உண்டு. இப்படியான அனுபவம் உள்ள குடும்பம் ஒன்று மெசின் வாங்கும்போது, வாங்கும் விலையோடு விற்கும் விலையையும் பார்க்கவேண்டும். பிள்ளையின் திருமணமோ, நோயோ, இடமாற்றமோ வந்து ஒரு கிழமைக்குள் காசாக்க நேர்ந்தால், பாகமும் மெக்கானிக்கும் எங்கும் கிடைக்கும் மெசினுக்கு வாங்குபவர் உடனே வருவார். யாரும் அறியாத வகைக்கு வாங்குபவர் வரமாட்டார். வந்தாலும் இரும்பு விலை கேட்பார். ஆகவே நல்ல சேவை உள்ள மெசினுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி செலவல்ல. அது மெசினுக்குள் நிற்கும் சேமிப்பு. விற்கும்போது திரும்பி வரும்.

பதிவுப் புத்தகத்தின் பிரதி, விற்பனைப் பற்றுச்சீட்டு, என்ஜின் இலக்கமும் சட்டக இலக்கமும் எழுதிய துண்டு ஆகியவற்றை மெசினோடு வைக்காமல் வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். இதற்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. எமது வாசகர்களுக்கு ஏன் என்று தெரியும்.

லீசிங்கில் எடுப்போர் கவனிக்கவேண்டியது வேறு. கடைசித் தவணை கட்டி முடியும் வரை மெசினின் முழு உரிமையாளர் லீசிங் கம்பனியே. நீங்கள் பதிவுபெற்ற உரிமையாளர் மட்டுமே. மெசின் நின்றாலும் தவணை நிற்பதில்லை. நகையை ஈடுவைத்து முற்பணம் கட்டிய குடும்பம், உழவுக் காலத்தில் பாகத்துக்காகக் காத்திருந்து, அந்த மாதத் தவணைக்கு இன்னொரு நகையை ஈடுவைக்கும் நிலை எமக்குப் புதிதல்ல. ஆகவே லீசிங்கில் எடுப்பவருக்கு சேவை இரட்டிப்பு முக்கியம் என்பது எமது கருத்து. முழுப் பணம் கொடுத்து வாங்குபவர் மெசின் நின்றால் வருமானத்தை இழக்கிறார். லீசிங்கில் எடுத்தவர் மெசினையே இழக்கலாம். மாதத் தவணைக்குப் பதிலாக அறுவடைக்குப் பின் போகத்துக்கு ஒரு தவணையாகக் கட்ட இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். வட்டி வீதம் சற்று ஏறினாலும், கையில் நெல் இருக்கும்போது கட்டும் தவணை பாரம் குறைந்தது.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. வெளிநாட்டுப் பாகத்தின் விலையும் டொலரோடு சேர்ந்து ஏறாமல் என்ன செய்யும்? அந்த மாதங்களில் நல்ல முகவர் யார் என்பதற்கு ஒரே அடையாளந்தான் இருந்தது: இராக்கையில் ஏற்கெனவே பாகத்தை வாங்கி அடுக்கி வைத்திருந்தவர். வெறும் ஓடர் புத்தகத்தை மட்டும் வைத்துக் கடை நடத்தியவரிடம் மலிவான மெசின் இருந்தது. மெசின் ஓட வழி இருக்கவில்லை.

முகவரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். பாகத்தை வாங்கி அடுக்குவதற்கு முதல் வேண்டும். அது வட்டிக்கு எடுத்த பணமாகவும் இருக்கலாம். மெக்கானிக்குக்கு உழவில்லாத மாதங்களிலும் சம்பளம் கொடுக்கவேண்டும். கடைசி ஐயாயிரம் ரூபா வரை பிழிந்து வாங்கிவிட்டு, பிறகு இரவு பத்து மணிக்கு வயலுக்கு வா என்று அழைத்தால் அவர் வரமாட்டார். வந்தாலும் மனம் வராது. ஆகவே பேரம் பேசும் முறையை மாற்றிப் பார்க்கச் சொல்கிறோம். விலையில் கழிவு கேட்பதை ஓரளவோடு நிறுத்திவிட்டு, மீதிக் கழிவைப் பொருளாகக் கேளுங்கள். இரண்டு சோடி முன்ஹப் சீல், நான்கு டீசல் பில்டர், ஒரு குரோஸ் ஜொயின்ற், இரு சில்லு மெசினாயின் ஒரு சோடி பெல்ட், ஒரு தொகுதிக் கத்தி. முகவருக்கு இவை கொள்வனவு விலையில் வருபவை. ஆகவே பணக் கழிவைவிட இலகுவாகத் தருவார். உங்களுக்கோ இவை கிட்டங்கியில் வெள்ளம் பாயும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பாகங்கள்.

தனியே போகாதீர்கள் என்பது இன்னொரு வேண்டுகோள். ஒரே போகத்தில் நான்கைந்து குடும்பங்கள் மெசின் வாங்க எண்ணியிருந்தால், கமக்கார அமைப்பின் ஊடாகச் சேர்ந்து ஒரே வகையை ஒரே முகவரிடம் பேசுங்கள். ஒரு மெசினுக்காக எமது பகுதிக்கு ஆள் அனுப்ப எந்த முகவருக்கும் கட்டாது. ஐந்து மெசின் நிற்கும் ஊருக்கு, உழவு தொடங்கும் முன் ஒரு நாள் மெக்கானிக்கை அனுப்பி எல்லாவற்றையும் பார்வையிட்டுத் தரும்படி கேட்டால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஐந்து குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு பாகப் பெட்டி வைத்துக்கொள்ளவும் முடியும். பெட்டியின் திறப்பு யாரிடம் இருப்பது என்பதில் சண்டை வரும் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. வரட்டும். திறப்பை வட்டவிதானையிடம் கொடுத்து, எடுத்ததை எழுதி, போகம் முடியப் பணத்தைப் போட்டு நிரப்பும் ஏற்பாடு ஒன்றும் செய்யமுடியாத காரியமல்ல.

கணவனை இழந்த பெண்கள் பலர் சாரதியை அமர்த்தி மெசின் நடத்துகிறார்கள். அவர்கள் விடயத்தில் ஒரு வழக்கம் எமக்கு உடன்பாடானதல்ல. மெசின் அவருடையது, தவணை கட்டுபவர் அவர். ஆனால் கடையில் விளக்கம் சொல்லப்படுவது சாரதிக்கு. எத்தனை மணித்தியாலம் ஓடினால் ஓயில் மாற்றவேண்டும், மணித்தியால மானியை எப்படி வாசிப்பது, எந்த விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் உரிமையாளருக்கே காட்டப்படவேண்டும். அம்மாமாரே, அதைக் காட்டித் தரும்வரை கையெழுத்திடாதீர்கள். ஒரு கொப்பியில் தினமும் மானியின் இலக்கத்தையும் ஊற்றிய டீசலையும் எழுதி வந்தால், மெசின் எங்கே ஓடியது, எவ்வளவு ஓடியது, சேர்விஸ் எப்போது என்ற மூன்றும் தெரியவரும். சாரதியை மாற்றினாலும் கொப்பி வீட்டில் இருக்கும். சாரதிக்கும் பயிற்சி தேவை. அநுராதபுரத்தில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மகா இலுப்பள்ளமவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் விவசாய இயந்திரங்களைப் பரிசோதிக்கிறது. புதிய வகை மெசின் ஒன்றை முகவர் முன்வைத்தால், அங்கே பரிசோதித்த அறிக்கை உண்டா என்று கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

இவ்வளவும் கேட்டபின் முகவர் சலிப்படைந்தால் அதுவும் ஒரு தகவல்தான். வாங்கும் முன்பே சலிப்படைபவர் வாங்கிய பின் என்ன செய்வார்?

முற்பணம் கட்டும் முன் இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். அதே முகவரிடம் அதே மெசினை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியவர்கள் மூவரைத் தேடிப் போங்கள். போன மாதம் வாங்கியவர் புகழ்ந்துதான் பேசுவார். அவரிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டு வருடக்காரரிடம் மெசின் எப்படி என்று கேட்காமல், கடைசியாக எப்போது நின்றது, எத்தனை நாள் நின்றது, யார் வந்து திருத்தினார் என்று கேளுங்கள். பிறகு கடைக்குத் திரும்பி வந்து மெக்கானிக்கின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையின் இலக்கம் போதாது. விற்பனையாளரின் முன்னாலேயே அந்த இலக்கத்துக்கு அழைத்து, நாவிதன்வெளியில் மெசின் நிற்கிறது, எப்போது வருவீர்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.